ஓப்பன்பிஎஸ்டி ஃபயர்வாலில் நாட் அமைப்பது எப்படி

நாட் என்பது உள்வலைக் கணினிகளின் முகவரியை, வெளியே போகும்போது ஃபயர்வாலின் முகவரியாக மாற்றும் வேலை. அதை அமைக்கத் தேவையான விதி ஒரே ஒரு வரிதான். அந்த வரியைத் தாண்டுவதற்கு முன் பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) எந்த முகவரியோடு இருந்தது, தாண்டிய பிறகு எந்த முகவரியோடு இருக்கிறது என்பதை மனதில் வைக்காமல் மற்ற விதிகளை எழுதுவதால்தான் பலர் ராத்திரி இரண்டு மணி வரை திரையை முறைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் முறைத்திருக்கிறேன். கீழே எந்தப் படியில் சந்தேகம் வந்தாலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பாக்கெட் இப்போது யார் முகவரியில் போகிறது?

நாம் எடுத்துக்கொள்ளும் அமைப்பு எளிமையானது. ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் இரண்டு இன்டெல் நெட்வொர்க் கார்டு. இஎம்0 இணையப் பக்கம், இஎம்1 அலுவலகத்தின் உள் பக்கம். உள்ளே 192.168.10.0/24 வலை (192.168.10 என்று தொடங்கும் முகவரிகள்), ஃபயர்வாலின் உள்முகவரி 192.168.10.1. வெளிமுகவரி 203.0.113.7 என்று வைத்துக்கொள்வோம், 203.0.113.0/24 என்பது எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கி வைக்கப்பட்ட தொகுதி, யாருக்கும் சொந்தமில்லை. இயங்குதளம் ஓப்பன்பிஎஸ்டி. அதோடு வரும் ஃபயர்வால் பிஎஃப்.

கட்டளைகளையும் விதிகளையும் பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்வதுபோலத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் அவற்றின் ஆங்கில எழுத்துகளையே அடிக்க வேண்டும்.

ஒரு சின்ன வரலாறு, ஆனால் உபயோகமானது. ஓப்பன்பிஎஸ்டியில் முதலில் இருந்தது ஐபிஃபில்டர் என்ற ஃபயர்வால். உரிமத் தகராறில் 2001 மே மாதம் அதைத் தூக்கினார்கள். அந்த இடத்தை நிரப்ப டேனியல் ஹார்ட்மையர் எழுதியதுதான் பிஎஃப். அதே ஆண்டு டிசம்பரில் ஓப்பன்பிஎஸ்டி 3.0 உடன் வெளிவந்தது. 2010 மே மாதம் வந்த 4.7 பதிப்பில் நாட் விதியின் இலக்கணத்தையே மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் 'நாட் ஆன்' என்று தொடங்கி நடுவில் அம்புக்குறி போட்டு எழுதுவோம். இப்போது 'மேட்ச்' அல்லது 'பாஸ்' விதியின் வாலில் 'நாட்-டு' வருகிறது. தேடிப் பிடித்த வழிகாட்டியில் அம்புக்குறி இருந்தால் ஓப்பன்பிஎஸ்டிக்கு அது உதவாது.

நாட் உள்ளே என்ன செய்கிறது

192.168.10.25 என்ற கணினி 198.51.100.20 என்ற சர்வரின் 443 போர்ட்டுக்கு (ஒரே முகவரியில் பல இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்தான் போர்ட்) ஒரு இணைப்பு தொடங்குகிறது. தன் பக்கம் 49200 என்ற போர்ட்டைப் பயன்படுத்துகிறது. இப்படியே வெளியே விட்டால் பதில் திரும்பி வராது. 192.168 முகவரிகள் 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற இணைய ஆவணம் தனியார் வலைகளுக்கென்று ஒதுக்கியவை; இணையத்தில் யாரும் அவற்றுக்கு வழி சொல்ல மாட்டார்கள். அதனால் ஃபயர்வால் அனுப்புநர் முகவரியை 203.0.113.7 என்றும், போர்ட்டை உதாரணமாக 51877 என்றும் மாற்றி அனுப்புகிறது. மாற்றியதை நிலை அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் 51877க்கு வந்ததும் அட்டவணையைப் பார்த்து 192.168.10.25-இன் 49200க்குத் திருப்பிவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். பதிலுக்கென்று தனியாக அனுமதி விதி எழுத வேண்டியதில்லை, அட்டவணையே போதும். இன்னொன்று, வெளியிலிருந்து ஒருவர் தானாக வந்து 51877ஐத் தட்டினால் அவருக்கு அட்டவணையில் பதிவு இல்லை. இதை வைத்துக்கொண்டு 'நாட் இருந்தால் பாதுகாப்பு' என்று சொல்வார்கள். அது பக்கவிளைவு மட்டுமே. தடுப்பது தடுப்பு விதியின் வேலை, அதை நாம் தனியாகவே எழுதப்போகிறோம்.

பிஎஃப் இப்படி மாற்றித் தரும் போர்ட்கள் 50001 முதல் 65535 வரை, மொத்தம் 15,535. குறைவாகத் தெரியலாம். ஆனால் வேறு வேறு சர்வர்களுக்குப் போகும் இணைப்புகள் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதால் நூறு பேர் இருக்கும் அலுவலகத்தில்கூட இது தீராது.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் உங்களுக்குக் கிடைக்கும் வெளிமுகவரி எது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் அது தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனமே உங்களுக்கு மேலே இன்னொரு நாட் வைத்திருக்கிறது. அந்தத் தொகுதி 2012-இல் அதற்காகவே ஒதுக்கப்பட்டது. இந்தியாவில் வீட்டு இணைப்புகளில் இது சர்வசாதாரணம். வெளியே போகும் வேலைகள் எல்லாம் நடக்கும். ஆனால் வெளியிலிருந்து உங்கள் சர்வருக்கு யாரும் வர முடியாது, நீங்கள் என்ன விதி எழுதினாலும். நிலையான பொதுமுகவரி ஒன்றைக் காசு கொடுத்து வாங்குவதுதான் வழி.

வெளிமுகவரி 192.168 என்று தொடங்கினால் அது வேறு கதை. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியே ரூட்டராக வேலை செய்கிறது. அதை பிரிட்ஜ் முறைக்கு (முகவரியை மாற்றாமல் பாக்கெட்டை அப்படியே கடத்தும் முறை) மாற்றச் சொல்லுங்கள். முடியாதென்றால் இரட்டை நாட்டோடு வாழலாம். ஆனால் உள்வலைக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரே தொகுதி இருக்கக் கூடாது. இரண்டு பக்கமும் 192.168.1.0/24 என்றால் ஃபயர்வாலுக்கு எந்தப் பக்கம் எது என்றே தெரியாது. நான் 10 என்று எடுத்ததற்குக் காரணம் இதுதான். பிற்காலத்தில் விபிஎன் (வீட்டிலிருந்து அலுவலக வலையில் சேரும் வழி) போடும் எண்ணம் இருந்தால் 0, 1 இரண்டையும் தவிர்ப்பது நல்லது. ஊழியர்களின் வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் அந்த இரண்டில்தான் இருக்கும்.

கார்டுகளும் ஃபார்வர்டிங்கும்

எட்சி கோப்புறையில் 'ஹோஸ்ட்நேம் டாட் இஎம்0' என்ற கோப்பில் 'ஐநெட் ஆட்டோகான்ஃப்' என்று ஒரு வரி. நிலையான முகவரி இருந்தால் 'ஐநெட்' போட்டு முகவரியும் மாஸ்க்கும். அப்போது கேட்வே (வெளியே போகும் பாக்கெட்டை அடுத்து வாங்கிக்கொள்ளும் கணினி) முகவரியை 'மைகேட்' என்ற கோப்பில் எழுத வேண்டும். 'ஹோஸ்ட்நேம் டாட் இஎம்1' கோப்பில் 'ஐநெட் 192.168.10.1 255.255.255.0'. பிறகு 'எஸ்எச்' கட்டளையால் எட்சியிலுள்ள 'நெட்ஸ்டார்ட்' கோப்பை ஓட்டுங்கள். இரண்டு கார்டும் எழுந்துவிடும்.

யூனிக்ஸ் கணினி இயல்பாகத் தனக்கு வராத பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். அதை அடுத்தவருக்குக் கடத்தச் சொல்ல வேண்டும்: 'சிஸ்சிடிஎல் நெட் டாட் ஐநெட் டாட் ஐபி டாட் ஃபார்வர்டிங்', சமக்குறி, 1. இதே வரியை எட்சியிலுள்ள 'சிஸ்சிடிஎல் டாட் கான்ஃப்' கோப்பிலும் எழுதுங்கள். கோப்பில் எழுத மறந்தால் இன்று எல்லாம் ஓடும், அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு ஓடாது.

இந்த இடத்தில் ஃபயர்வாலிலிருந்தே ஒரு வெளிமுகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போகவில்லை என்றால் நாட் பக்கமே வர வேண்டாம், கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

விதிக் கோப்பு

எல்லாம் எட்சியிலுள்ள 'பிஎஃப் டாட் கான்ஃப்' என்ற கோப்பில்தான். முதலில் இருப்பதை ஒரு நகல் எடுத்து வையுங்கள். புதிய கோப்பு வரிசையாக இப்படிப் போகும்.

'செட் ஸ்கிப் ஆன் எல்ஓ'. கணினி தனக்குத்தானே பேசிக்கொள்வதில் தலையிடாதே என்று அர்த்தம்.

'மேட்ச் இன் ஆல் ஸ்க்ரப்', அடைப்புக்குறிக்குள் 'நோ-டிஎஃப் ரேண்டம்-ஐடி'. தாறுமாறாக வரும் பாக்கெட்டுகளைச் சீர்படுத்துவது.

அடுத்து நம் கதாநாயகன். 'மேட்ச் அவுட் ஆன் ஈக்ரெஸ் ஐநெட் ஃப்ரம் இஎம்1:நெட்வொர்க் டு எனி நாட்-டு', அதன் பிறகு அடைப்புக்குறிக்குள் 'ஈக்ரெஸ்'. ஈக்ரெஸ் என்பது இயல்பு வழி எந்தக் கார்டில் இருக்கிறதோ அந்தக் கார்டின் குழுப்பெயர். ஓப்பன்பிஎஸ்டி தானாகவே வைத்துக்கொள்ளும். நாளைக்குக் கார்டை மாற்றினாலும் விதியின் இந்தப் பகுதியைத் தொட வேண்டியதில்லை. அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் விதியை ஏற்றும் நேரத்தில் இருந்த முகவரியையே பிஎஃப் பிடித்துக்கொள்ளும்; இணைய நிறுவனம் முகவரியை மாற்றியதும் எல்லாம் நின்றுபோகும். அடைப்புக்குறி இருந்தால் கார்டின் அப்போதைய முகவரியையே எடுத்துக்கொள்ளும். ஈக்ரெஸில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகள் இருந்தால் 'ஈக்ரெஸ்:0' என்று எழுதினால் முதன்மை முகவரி மட்டும் பயன்படும்.

பிறகு 'ஆன்டிஸ்பூஃப் குயிக் ஃபார் இஎம்1'. உள்வலையின் முகவரியைப் போலியாகப் போட்டுக்கொண்டு வெளிப்பக்கம் வழியாக வருபவர்களை இது வெட்டிவிடும்.

'பிளாக் லாக் ஆல்'. எல்லாவற்றையும் தடு, தடுத்ததைக் குறித்து வை.

'பாஸ் அவுட் ஐநெட்'. வெளியே போகலாம்.

'பாஸ் இன் ஆன் இஎம்1 ஐநெட் ஃப்ரம் இஎம்1:நெட்வொர்க்'. உள்ளிருந்து வருபவர்களை ஏற்றுக்கொள்.

அவ்வளவுதான். தடுப்பு விதி மேலேயும் அனுமதி விதிகள் கீழேயும் இருப்பது லினக்ஸில் பழகியவர்களுக்கு விசித்திரமாகத் தெரியும். பிஎஃப்பில் கடைசியாகப் பொருந்தும் விதிதான் செல்லும்; நடுவில் 'குயிக்' என்ற சொல் இருந்தால் மட்டும் அங்கேயே தீர்ப்பு. லினக்ஸின் ஐபிடேபிள்ஸில் முதலில் பொருந்துவது செல்லும். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கும் வேலை என்றால் கோப்பின் மேலேயே ஒரு குறிப்பு எழுதி வையுங்கள்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருவோம். ஒரு முறை வெளியே போவதை இறுக்கிக் கட்டலாம் என்று 'பாஸ் அவுட் ஐநெட்' என்பதை 'பாஸ் அவுட் ஆன் ஈக்ரெஸ் ஃப்ரம் இஎம்1:நெட்வொர்க்' என்று மாற்றினேன். படிக்க மிகச் சரியான விதி. ஒரு பாக்கெட்கூட வெளியே போகவில்லை. காரணம், மேலே இருக்கும் 'மேட்ச்' விதியில் பொருந்தியதுமே பாக்கெட்டின் முகவரி மாறிவிடுகிறது. அதற்குக் கீழே உள்ள விதிகள் மாறிய முகவரியைத்தான் பார்க்கின்றன. என் 'பாஸ்' விதி 192.168.10 என்று தேடிக்கொண்டிருக்கிறது, பாக்கெட்டோ 203.0.113.7 என்ற வேஷத்தில் நிற்கிறது. ஆகவே யார் எங்கே போகலாம் என்ற கட்டுப்பாட்டை இஎம்1-இல் உள்ளே வரும்போதே போடுங்கள்; அங்கே முகவரி இன்னும் அசலாக இருக்கிறது. வெளியே போகும் இடத்தில்தான் போட வேண்டுமென்றால் 'ரிசீவ்டு-ஆன் இஎம்1' என்ற சொல்லைச் சேர்க்கலாம். அது முகவரியைப் பார்க்காது, பாக்கெட் எந்தக் கார்டு வழியாக வந்தது என்று பார்க்கும்.

ஏற்றுவதும் சோதிப்பதும்

'பிஎஃப்சிடிஎல் மைனஸ் என்எஃப்' போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஏற்றாமலேயே பிழை மட்டும் பார்க்கும். பிழை இல்லையென்றால் 'என்' என்ற எழுத்தை எடுத்துவிட்டு 'மைனஸ் எஃப்'.

தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக வேலை செய்கிறீர்களா? மேலே உள்ள கோப்பில் வெளியிலிருந்து எஸ்எஸ்எச் வர அனுமதி இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றால் உங்கள் முகவரிக்கு மட்டும் 22ஆம் போர்ட்டைத் திறக்கும் ஒரு 'பாஸ் இன்' விதி சேர்த்துக்கொள்ளுங்கள். அதோடு, புதிய விதிகளை ஏற்றும் முன், 120 நொடி தூங்கிவிட்டுப் பழைய கோப்பை மீண்டும் ஏற்றும் ஒரு கட்டளையைப் பின்னணியில் ஓடவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அதை நிறுத்திவிடலாம். மாட்டிக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் கதவு திறந்துவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. விதிகளை மாற்றி ஏற்றினாலும் ஏற்கெனவே நிலை அட்டவணையில் இருக்கும் இணைப்புகள் பழைய விதிப்படியே ஓடும். உங்கள் எஸ்எஸ்எச் அறுந்துபோகவில்லை என்பதால் விதி சரி என்று நினைத்துவிடாதீர்கள். பழைய சாளரத்தை மூடாமல் புதிதாக ஒரு எஸ்எஸ்எச் திறந்து பாருங்கள். திறந்தால்தான் சரி. இதே காரணத்தால் நாட் விதியைத் திருத்திய பிறகும் தொடர்ந்து ஓடும் பிங் பழைய மாதிரியே நடக்கும். குறிப்பிட்ட ஒரு கணினியின் பதிவுகளை மட்டும் அழிக்க 'பிஎஃப்சிடிஎல் மைனஸ் கே' போட்டு அதன் முகவரி. நேரடியாக மொத்த அட்டவணையையும் அழித்தால் அலுவலகமே தொலைபேசியில் கூப்பிடும்.

உள்ளே ஒரு கணினிக்குக் கையால் 192.168.10.25 என்ற முகவரியும் கேட்வேயாக 192.168.10.1-உம் கொடுத்து இணையம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஃபயர்வாலில் 'பிஎஃப்சிடிஎல் மைனஸ் எஸ்எஸ்'. வெளிமுகவரியும் அதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அசல் உள்முகவரியும் ஒரே வரியில் தெரிந்தால் நாட் நடக்கிறது.

கையால் முகவரி கொடுப்பது சோதனைக்கு மட்டும். முகவரி கொடுக்க டிஎச்சிபிடி, பெயர் தேட அன்பவுண்ட், இரண்டுமே ஓப்பன்பிஎஸ்டியில் கூடவே வருகின்றன. 'ஆர்சிசிடிஎல் எனேபிள்', பிறகு 'ஆர்சிசிடிஎல் ஸ்டார்ட்' போட்டு இயக்கிக்கொள்ளலாம். டிஎச்சிபிடியின் ஃபிளாக்ஸில் இஎம்1 என்று குறிப்பிட மறக்க வேண்டாம், இணைய நிறுவனத்தின் பக்கம் முகவரி விநியோகம் செய்து அவர்களிடம் திட்டு வாங்கத் தேவையில்லை.

வெளியிலிருந்து உள்ளே

உள்ளே 192.168.10.5-இல் ஒரு வலைச் சர்வர் இருக்கிறது. அதை வெளியுலகுக்குக் காட்ட வேண்டும். கோப்பின் கடைசியில்: 'பாஸ் இன் ஆன் ஈக்ரெஸ் ஐநெட் புரோட்டோ டிசிபி டு', அடைப்புக்குறிக்குள் 'ஈக்ரெஸ்', 'போர்ட்', நெளிவு அடைப்புக்குள் 80, 443, பிறகு 'ஆர்டிஆர்-டு 192.168.10.5'. இங்கே மாறுவது அனுப்புநர் அல்ல, பெறுநர் முகவரி. அனுமதியும் மாற்றமும் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.

கைபேசியின் சிம் இணையத்திலிருந்து தளம் திறக்கிறது. அலுவலகத்துக்குள்ளிருந்து அதே பெயரைப் போட்டால் திறக்கவில்லை. இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். உள்ளிருந்து போகும் பாக்கெட் இஎம்1 வழியாக வருகிறது. நம் விதியோ ஈக்ரெஸில் வருவதை மட்டும் பார்க்கிறது. சரி, இஎம்1-க்கும் அதே 'ஆர்டிஆர்-டு' விதியைச் சேர்ப்போம். அப்போதும் திறக்காது. பாக்கெட் 192.168.10.5-க்குத் திரும்பிப் போய்விடும், ஆனால் அனுப்புநர் 192.168.10.25 என்று அப்படியே இருக்கிறது. சர்வர் பார்க்கிறது: 'அட, பக்கத்து வீட்டுக்காரர்தானே'. ஃபயர்வாலைக் கேட்காமல் நேரே பதில் அனுப்பிவிடுகிறது. 203.0.113.7-இடம் கேட்டவருக்கு 192.168.10.5-இடமிருந்து பதில் வந்தால் அவர் அதை ஏற்க மாட்டார்.

விதியாலேயே தீர்க்க வேண்டுமென்றால் இரண்டாவது மாற்றமும் தேவை: 'பாஸ் அவுட் ஆன் இஎம்1 புரோட்டோ டிசிபி டு 192.168.10.5', போர்ட்கள், 'ரிசீவ்டு-ஆன் இஎம்1 நாட்-டு இஎம்1'. இப்போது கேட்டவர் ஃபயர்வால்தான் என்று சர்வர் நினைத்து அதனிடமே பதில் தரும். வேலை நடக்கும். ஆனால் சர்வரின் பதிவேட்டில் உள்ளிருந்து வந்த எல்லோரும் 192.168.10.1 என்றே தெரிவார்கள். எனக்குப் பிடித்த வழி வேறு. அன்பவுண்டில் அந்தத் தளத்தின் பெயருக்கு நேரே 192.168.10.5 என்று ஒரு 'லோக்கல்-டேட்டா' வரி எழுதிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் ஃபயர்வாலைச் சுற்றிவர வேண்டிய தேவையே இல்லை. மூன்றாவது கார்டு ஒன்று இருந்து சர்வரைத் தனி வலையில் வைக்க முடிந்தால் அதுவே எல்லாவற்றையும்விடச் சிறந்தது.

வழக்கமாகக் குத்தும் முட்கள்

சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரியவை பாதியில் நிற்கின்றன, பிங் மட்டும் ஜோராகப் போகிறது. இந்த அறிகுறி கண்டால் இணைப்பு பிபிபிஓஇ (பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும்) வகையா என்று பாருங்கள். அதில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) 1500 அல்ல, 1492. ஐபிக்கும் டிசிபிக்கும் தலைப்பகுதி சேர்ந்து 40 பைட் போக மிச்சம் 1452. ஸ்க்ரப் அடைப்புக்குறிக்குள் 'மேக்ஸ்-எம்எஸ்எஸ் 1452' என்று சேருங்கள். இந்த மாற்றம் இரண்டு திசைக்கும் வேண்டும் என்பதால் அந்த வரியில் 'இன்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

ஐபி தொலைபேசியில் மணி அடிக்கிறது, பேச்சு ஒரு பக்கம்தான் கேட்கிறது என்றால், போர்ட்டை மாற்றுவது அதற்குப் பிடிக்கவில்லை. அந்தத் தொலைபேசிக்கு மட்டும் தனியாக ஒரு நாட் வரி எழுதி 'ஸ்டாடிக்-போர்ட்' சேர்த்துப் பாருங்கள். கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியோ தன் முகவரியைச் செய்திக்குள்ளேயே எழுதி அனுப்பும் பழக்கமுடையது. அதற்கு எஃப்டிபி-பிராக்ஸி இருக்கிறது. எஸ்எஃப்டிபிக்கு மாறுவது அதைவிட நல்லது.

எதுவுமே புரியாதபோது டிசிபிடம்ப்பை (கார்டில் போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) இரண்டு சாளரத்தில் ஓட்டுங்கள், ஒன்று இஎம்1-இல், ஒன்று இஎம்0-இல். இஎம்1-இல் தெரிந்து இஎம்0-இல் தெரியாவிட்டால் விதி தடுக்கிறது அல்லது ஃபார்வர்டிங் இல்லை. இஎம்0-இல் 192.168 என்ற முகவரியோடே வெளியே போனால் நாட் விதி பொருந்தவில்லை. சரியான வெளிமுகவரியோடு போய்ப் பதில் வரவில்லை என்றால் கோளாறு உங்களுடையது அல்ல. தடுக்கப்பட்டவற்றைப் பார்க்க டிசிபிடம்ப்பை, பிஎஃப் தன் பதிவுகளை அனுப்பும் 'பிஎஃப்லாக்0' மேல் ஓட்டுங்கள்; 'மைனஸ் இ' சேர்த்தால் எத்தனையாவது விதி தடுத்தது என்றும் சொல்லும்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் லினக்ஸிலும்

ஃப்ரீபிஎஸ்டிக்கு பிஎஃப் 2004-இல் 5.3 பதிப்போடு வந்தது. அங்கே பழைய அம்புக்குறி இலக்கணம்தான் பழக்கம்: 'நாட் ஆன் இஎம்0' என்று தொடங்கும் வரி, வடிகட்டும் விதிகளுக்கு மேலே இருக்க வேண்டும். அந்த மாற்று விதிகளில் மட்டும் முதலில் பொருந்துவது செல்லும், வடிகட்டலில் கடைசி. ஈக்ரெஸ் குழு தானாக இருக்காது. ஆர்சி டாட் கான்ஃப்பில் 'கேட்வே_எனேபிள்', 'பிஎஃப்_எனேபிள்' இரண்டுக்கும் 'யெஸ்' கொடுக்க வேண்டும்.

லினக்ஸின் ஃபயர்வாலான என்எஃப்டேபிள்ஸில் 'போஸ்ட்ரவுட்டிங்' கொக்கியில் 'மாஸ்கரேட்' என்ற சொல் நம் 'நாட்-டு'வின் வேலையைச் செய்கிறது. அது பாக்கெட் கிளம்பும் கடைசி நொடியில் நடப்பதால் 'ஃபார்வர்டு' சங்கிலியில் அசல் உள்முகவரியையே பார்க்கலாம். ஆகவே நான் மாட்டிக்கொண்ட அந்த விதியை அங்கே எழுதினால் சரியாகவே ஓடும். ஓப்பன்பிஎஸ்டிக்கு நேர் எதிர்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது. அலுவலகம் மூடிய பிறகு ஃபயர்வாலை ஒருமுறை ரீபூட் செய்யுங்கள். கையால் எதையும் தொடாமல், உள்ளே இருக்கும் ஒரு கணினியில் இணையம் வருகிறதா, சிம் இணையத்திலிருந்து உங்கள் தளம் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.